மூட்டைக்குள் புகும் ஈரம்



எதைப்பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று வானொலி நிலையத்தில் என்னைக் கேட்டார்கள். மாவு மூட்டையையும் மாட்டுத் தீவன மூட்டையையும் பற்றி என்றேன். கேட்டவர் புன்முறுவல் பூத்தார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கல்வியைப் பற்றியோ ஒழுக்கத்தைப் பற்றியோ பேசுவார் என்று அவர் எதிர்பார்த்திருக்கக் கூடும். இன்றைய பேச்சில் அவை இரண்டும் உண்டு. ஆனால் அவற்றை ஒரு மூட்டையின் வாயை அவிழ்த்துத்தான் நான் காட்ட வேண்டியிருக்கிறது.

என் ஊர் கரையாம்புத்தூர். புதுவைப் பகுதியில் பாகூர் வட்டத்தைச் சேர்ந்தது. தென்பெண்ணையாற்றின் நீர் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்குச் செல்லும் பாங்கு எங்களுடையது. நெல்லும் கரும்பும் மணிலாவும் விளைகின்ற மண். கடலும் வெகுதொலைவில் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வானம் திறந்துகொண்டால், துவைத்த வேட்டி மூன்று நாளானாலும் கொடியில் காய்வதில்லை, தீக்குச்சி பற்றுவதில்லை, உப்புச் சாடியில் உப்பு நீராகிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கருகே கரையைக் கடந்தபோது, மறுநாட் காலை வரையுள்ள 24 மணி நேரத்தில் புதுச்சேரி நகரில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை பெய்தது. அதனையடுத்துச் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட வெள்ளம் பெண்ணையாற்றங்கரை ஊர்களுக்குள் புகுந்தது. வெள்ளம் புகுந்த கிடங்கில் சரக்குக் கெட்டுப்போவது எல்லாருக்கும் விளங்கும். நான் சொல்ல வந்தது வேறு. வெள்ளம் புகாத, கூரை ஒழுகாத, கதவு சாத்திய அறையில் வைத்த மூட்டையும் கெடுகிறதே, அது எதனால்? இவ்வினாவுக்கு விடை தெரியாமல் நான் ஒரு பெரும் பிழை செய்தேன். அதனை மறைக்காமல் உங்களுக்குச் சொல்லவே வந்திருக்கிறேன்.

முதலில் நம் முன்னோர் என்ன செய்தனர் என்று பார்ப்போம். அவர்கள் நெல்லைக் குதிரிலும் பத்தாயத்திலும் சேர்த்து வைத்தார்கள். பாபநாசத்துக்கருகே திருப்பாலைத்துறைக் கோயிலிலும், திருவரங்கம் கோயிலிலும் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியங்களை இன்றும் காணலாம். வட்டமான கட்டடங்கள், மூலையில்லாச் சுவர்கள். ஆனால் ஒன்றைக் கருதுங்கள். அவர்கள் சேர்த்து வைத்தது நெல், மாவு அன்று. மாவு வேண்டுமாயின் வேண்டிய அன்றைக்கு இடித்துக்கொண்டார்கள். அல்லது திரிகையில் திரித்துக்கொண்டார்கள். அதற்குக் காரணம் உண்டு. நெல்மணிக்கு உமி ஒரு கவசம். அதனுள்ளே தவிட்டுத் தோல் மற்றொரு காப்பு. மணி முழுமையாக இருக்கும்வரை பூச்சியும் பூசணமும் எளிதில் உட்புக முடியாது. அரைத்து மாவாக்கிய அந்த நொடியிலேயே இக்காப்புகள் யாவும் போய்விடுகின்றன. ஒரு மணியாக இருந்தது ஆயிரக்கணக்கான துகள்களாகிறது. ஒவ்வொரு துகளும் நாற்புறமும் காற்றுக்குத் திறந்து கிடக்கிறது. மணி பல மாதம் தாங்கும் இடத்தில் மாவு சில வாரங்களே தாங்குகிறது.

இந்நாளில் ஆலைகள் பெருகிவிட்டன. மைதாவும் ஆட்டாவும் 50 கிலோ மூட்டைகளாக வருகின்றன. மாட்டுக்குத் தவிடும், மணிலாப் புண்ணாக்கும், ஆலையில் கலந்த தீவனமும் மூட்டைகளாகவே வருகின்றன. சரக்கு மாறிவிட்டது, அதனை வைக்கும் பழக்கம் மட்டும் மாறவில்லை. நெல் மூட்டையை எப்படிப் போட்டு வைத்தோமோ, அப்படியே மாவு மூட்டையையும் போட்டு வைக்கிறோம். தொல்லை தொடங்கும் இடம் இதுவே.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அப்போது நான் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியன். என் தம்பி ஊரில் பயிர்த்தொழிலோடு சிறிய தீவனக் கடை ஒன்றும் வைத்திருந்தான். வீட்டில் நான்கு கறவை மாடுகள் இருந்தன. மழைக்கு முன் சரக்கு வாங்கி வைத்தால் விலை நயமாக இருக்கும் என்று, பன்னிரண்டு மூட்டை மணிலாப் புண்ணாக்கும், ஆறு மூட்டைத் தவிடும், தேநீர்க் கடைக்காரர்களுக்காக நான்கு மூட்டை மைதாவும் வாங்கினான். வைப்பதற்குப் புதிய அறை ஒன்று கட்டினோம். சிமெண்டுத் தளம், தகரக் கூரை. "இதற்குள் எலியும் வராது, மழையும் வராது" என்று நானே சொன்னேன். இடம் மிச்சமாகட்டும் என்று மூட்டைகளை வெறுந்தளத்தின்மேல், சுவரோடு சுவராக ஒட்டி, கூரை வரையில் அட்டி போட்டோம்.

அவ்வாண்டு மழை பன்னிரண்டு நாள் விடாமல் பெய்தது. கூரை ஒரு சொட்டும் ஒழுகவில்லை. மழை வெறித்தபின் தம்பி மூட்டையை இழுத்துப் பார்த்தான். அடி மூட்டைகளின் கோணி கறுத்திருந்தது. சுவரை ஒட்டிய புண்ணாக்கு மூட்டைகளில் பச்சையும் மஞ்சளும் கலந்த தூள் படர்ந்திருந்தது. நடு அட்டிக்குள் கையை விட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. மைதா கட்டி தட்டிப் போயிருந்தது.

தம்பி என்னிடம் வந்தான். "அண்ணா, வெயிலில் காயவைத்துத் தட்டிவிட்டால் பார்வைக்குத் தெரியாது. நல்ல சரக்கோடு கலந்து கொடுத்துவிடலாமா?" என்று கேட்டான். எனக்குக் கோபம் வந்தது. "பிறரை ஏமாற்றிப் பிழைக்கும் குடும்பமா நம்முடையது? ஒரு மூட்டையும் விற்கக் கூடாது. நன்றாகக் காயவைத்து நம் மாடுகளுக்கே போடு. நட்டம் நம்மோடு போகட்டும்" என்றேன். அவனும் "அண்ணா சொன்னால் சரி" என்று அப்படியே செய்தான். அன்றிரவு நேர்மையாளன் ஒருவனின் உறக்கம் எனக்கு வந்தது.

என்ன நிகழ்ந்தது என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன். அதற்குமுன், ஒழுகாத அறையில் ஈரம் எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டறிவோம். அறிவியல் ஆசிரியனாகிய நான் அன்றே சிந்தித்திருக்க வேண்டியது அது.

உலர்ந்த மாவு என்கிறோம். உண்மையில் எந்த மாவும் முற்றும் உலர்ந்ததன்று. நல்ல மைதாவில் நூற்றுக்கு 12 முதல் 14 பங்கு நீர் இருக்கிறது. அப்படியானால் 50 கிலோ மூட்டை ஒன்றில் 6 அல்லது 7 கிலோ நீர் கண்ணுக்குத் தெரியாமல் அடங்கியிருக்கிறது! நம் நாட்டு உணவுத் தர விதிகள் கோதுமை மாவில் ஈரம் நூற்றுக்கு 14 பங்குக்கு மேல் இருத்தலாகாது என்கின்றன. இந்த எல்லைக்குள் உள்ள நீர் மாவுப் பொருளோடு இறுகப் பிணைந்திருப்பதால், பூசணத்துக்கு அது கிட்டுவதில்லை. எல்லையைத் தாண்டிய நீரே அதற்குப் பயன்படும் நீர்.

மாவு காற்றோடு ஓயாமல் கொடுக்கல் வாங்கல் நடத்துகிறது. காற்று வறண்டிருந்தால் மாவு தன் நீரைக் காற்றுக்குக் கொடுக்கிறது. காற்று ஈரமாயிருந்தால் அதனிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 70 என்ற அளவில் இருந்தால், மாவின் ஈரம் ஏறத்தாழ 14இல் வந்து நிற்கும். காற்று 80க்கு ஏறினால் மாவு 16ஐ நோக்கி ஏறும். மழைக்காலத்தில் நம் கடலோரக் காற்று பெரும்பாலும் 80க்கு மேல் இருப்பதை நினைவிற்கொள்க. கோணியும் நெய்த பிளாஸ்டிக்குச் சாக்கும் இந்தக் கொடுக்கல் வாங்கலைத் தடுப்பதில்லை. மூட்டை ஒரு சுவர் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அது வலையைப் போன்றது, மூச்சு விடுவது.

புண்ணாக்கின் நிலை இன்னும் நுட்பமானது. எண்ணெய் நீரை ஏற்பதில்லை. ஆகையால் எண்ணெய்ச் சத்துள்ள பொருளில், மாவுக்குப் போதாத சிறிதளவு ஈரமே பூசணத்துக்குப் போதுமானதாகிவிடுகிறது. மாவுக்கு 14 பங்கு எல்லையென்றால், மணிலாப் பருப்புக்கு ஏறத்தாழ 7 பங்கே எல்லை. மாட்டுக்கான கலப்புத் தீவனத்தில் ஈரம் 11 பங்குக்கு மேற்படலாகாது என்பது இந்தியத் தர அமைவனத்தின் விதி. ஒரே அறையில், ஒரே காற்றில், மைதாவுக்கு முன் புண்ணாக்கு கெடுவதன் மறைபொருள் இதுதான்.

காற்று தவிர, ஈரம் வருவதற்கு வேறு மூன்று வழிகள் உண்டு.

முதலாவது தரை. சிமெண்டுத் தளம் கல்லைப் போலத் தோன்றினும், அதில் நுண்ணிய துளைகள் உண்டு. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, மழையில் ஊறிய மண்ணின் நீர் அத்துளைகளின் வழியே மேலேறுகிறது. வெறுந்தளத்தில் காற்றாட அது ஆவியாகிவிடும். மூட்டையை அதன்மேல் வைத்துவிட்டால் ஆவியாக இடமேது? மூட்டைக்குள்ளேயே ஏறுகிறது. சுவரை ஒட்டிய மூட்டைக்கும் இதுவே கதி.

இரண்டாவது கூரை. 30 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள காற்று, ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 25 பாகைக்குக் குளிர்ந்தால் 23 கிராமே தாங்கும். பகலில் 30 பாகையும் 80 ஈரப்பதமும் உள்ள அறைக்காற்றில், ஒரு கன மீட்டருக்கு 24 கிராம் ஆவி இருக்கும். இரவில் அக்காற்று 25 பாகைக்குக் குளிர்ந்தால், 1 கிராம் தங்க இடமின்றி நீராக வெளிப்பட்டே ஆக வேண்டும். 20 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் 5 மீட்டர் உயரமும் உள்ள கிடங்கில் இது ஒரே இரவில் ஒரு லிட்டர் நீர்! தகரக் கூரை விரைவில் குளிர்வதாகையால் அந்நீர் கூரையின் அடிப்புறத்தில் வியர்த்து, மேல் மூட்டைகளின்மீது சொட்டுகிறது. இதனை மழை ஒழுகல் என்று கருதி ஓட்டையைத் தேடுவோர் பலர். ஓட்டை கூரையில் இல்லை; நம் கணக்கில் இருக்கிறது.

மூன்றாவது வழியே வியப்புக்குரியது. ஈரம் மூட்டைக்குள்ளேயே பிறக்கிறது. பூசணமும் பூச்சியும் உயிர்கள். அவை மூச்சு விடுகின்றன. மாவுச்சத்தை உண்டு, கரிவளியும் நீரும் வெப்பமுமாக மாற்றுகின்றன. வேதியியல் கணக்குப்படி 1 கிலோ மாவுச்சத்து இவ்வாறு முற்றும் சிதைந்தால் அரைக் கிலோவுக்கு மேற்பட்ட நீர் உண்டாகும். அந்நீர் மேலும் பூசணத்தை வளர்க்கிறது. வளர்ந்த பூசணம் மேலும் நீரை உண்டாக்குகிறது. கடனுக்கு வட்டி, வட்டிக்கு வட்டி என்பதுபோல இது பெருகும். என் தம்பியின் கை அட்டியின் நடுவில் உணர்ந்த வெதுவெதுப்பு இந்த உயிர்ப்பின் வெப்பமே.

தவிட்டைப் பற்றியும் ஒரு சொல். அதில் நூற்றுக்கு 15 முதல் 20 பங்கு வரை எண்ணெய் இருக்கிறது. நெல்லைத் தீட்டியவுடன் அதிலுள்ள ஒரு நொதி அவ்வெண்ணெயைச் சிதைக்கத் தொடங்குகிறது. பச்சரிசித் தவிடு சில நாட்களிலேயே காறல் நாற்றம் அடைவது இதனால்தான். நெல்லை அவித்தபோதே அந்நொதி பெரும்பாலும் அழிந்துவிடுவதால், புழுங்கலரிசித் தவிடு சற்று நாள் தாங்கும். எண்ணெய் எடுத்த தவிடு இன்னும் தாங்கும். மூன்றையும் 'தவிடு' என்று ஒரே பெயரால் அழைத்து, ஒரே நாட்கணக்கில் வைத்திருப்பது அறியாமை.

இனி, விட்ட இடத்துக்கு வருவோம். காயவைத்த புண்ணாக்கைத் தின்ற சில வாரங்களில் மாடுகள் தீனியைக் குறைத்தன. பால் வரவரக் குறைந்தது. ஐந்து மாதக் கிடாரிக் கன்று ஒன்று உடல் மெலிந்து, மயிர் சிலிர்த்து, எழுந்து நிற்க மாட்டாமல் கிடந்தது. கண்ணேறு என்றார் ஒருவர். குடற்புழு என்றார் மற்றொருவர். தை பிறக்குமுன் கன்று இறந்தது. கால்நடை மருத்துவர் வந்தார். எஞ்சிய புண்ணாக்கைக் கொண்டுவரச் சொன்னார். ஒரு வில்லையை உடைத்து முகர்ந்தார். "இதைப் போடச் சொன்னது யார்?" என்று கேட்டார். தம்பி தலைகுனிந்து நின்றான். "நான்தான் ஐயா" என்றேன்.

"ஆய்வுக்கூடத்தில் சோதித்தால்தான் உறுதியாகச் சொல்லலாம். ஆனால் குறிகளும் இந்தப் புண்ணாக்கும் பொருந்துகின்றன. இன்றோடு நிறுத்துங்கள்" என்றார் அவர். பின்பு சற்றுத் தயங்கி, "பாலை யாருக்குக் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டார். அடுத்த வீட்டில் ஒரு கைக்குழந்தை இருந்தது. நாள்தோறும் அரைப்படிப் பால் அங்கே போய்க்கொண்டிருந்தது. அச்செய்தியைச் சொல்ல என் மனைவி அவ்வீட்டுக்கு நடந்து சென்றாள். நான் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அக்குழந்தைக்கு ஒன்றும் நேரவில்லை. இறைவனருளென்றே இன்றும் எண்ணுகிறேன். ஆயினும் அந்த அரை மணி நேரத்தை நான் மறந்ததில்லை.

அப்புண்ணாக்கில் மருத்துவர் ஐயுற்ற நஞ்சு எது? 1960இல் இங்கிலாந்தில் சில மாதங்களுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் இறந்தன. நோயின் பெயர் தெரியாமையால் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்றே அழைத்தனர். ஆராய்ந்து பார்த்தபோது, அவற்றின் தீவனத்தில் பிரேசில் நாட்டிலிருந்து வந்த மணிலாப் புண்ணாக்கு இருந்தது புலனாயிற்று. அதில் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பூசணம் ஒரு நஞ்சைச் சுரந்திருந்தது. அப்பூசணத்தின் பெயரிலிருந்தே அந்நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் எனப் பெயரிட்டனர். அது கல்லீரலைத் தாக்குவது. நெடுநாள் சிறுகச்சிறுக உட்கொண்டால் கல்லீரற் புற்றுநோய்க்கும் காரணமாவது.

நம் நாட்டில் 1974ஆம் ஆண்டின் இறுதியில், இராசத்தானத்துப் பன்சுவாரா மாவட்டத்திலும் குசராத்தின் பஞ்சமகால் மாவட்டத்திலும், மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்ட ஏழை மக்களில் ஏறத்தாழ 400 பேர் ஈரல் நோயுற்றனர். நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் அதனை ஆராய்ந்து காரணத்தை வெளிப்படுத்தினர். அவ்வீடுகளில் அதே உணவைத் தின்ற நாய்களும் நோயுற்றன.

மாணவர்களே, இங்கே என் பிழையின் வேர் எது என்பதைக் காணுங்கள். வெயிலில் காயவைத்தால் பூசணம் சாகலாம்; ஆனால் அது சுரந்துவிட்ட நஞ்சு சாகாது. தட்டினால் பச்சைத் தூள் உதிரும். உள்ளே ஊறிய நஞ்சு உதிராது. கொதிக்க வைத்தாலும், சமையலுக்குரிய வெப்பத்தில் அது பெரும்பாலும் அழிவதில்லை. மாடு தின்ற நஞ்சில் ஒரு சிறு பங்கு, உரு மாறி, ஒரு நாளைக்குள் பாலில் வந்துவிடுகிறது. பாலைக் காய்ச்சினாலும் அது போவதில்லை. கெட்ட தீவனத்தை நிறுத்திய சில நாட்களில் பால் மீண்டும் தூய்மையடைகிறது என்பது ஒன்றே ஆறுதல். ஆகவேதான் 1 கிலோ பாலில் இந்நஞ்சு அரை மைக்ரோகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்று நம் நாட்டு விதி வரம்பு கட்டியிருக்கிறது.

நல்ல சரக்கோடு கலந்துவிட்டால் நஞ்சு குறைந்துவிடாதா என்று சிலர் கேட்பர். கணக்குப் போடுங்கள். தீவனத்தில் அஃப்ளாடாக்சின் பி1 என்னும் வகைக்கு வரம்பு 100 கோடிப் பங்கில் 20 பங்கு. அதாவது 50 கிலோ மூட்டைகள் இருபது சேர்ந்த ஒரு டன்னில் 20 மில்லிகிராம். கெட்ட மூட்டை ஒன்றில் 50 மில்லிகிராம் நஞ்சு இருப்பதாகக் கொள்வோம். அதைப் பத்தொன்பது நல்ல மூட்டைகளோடு கலந்தால் என்ன ஆகும்? ஒரு மூட்டை நஞ்சாயிருந்தது போய், இருபது மூட்டையும் வரம்பு கடந்தவை ஆகிவிடும். கலப்பது கெட்டதை நல்லதாக்குவதில்லை, நல்லதையும் கெட்டதாக்குகிறது.

மூட்டை சுவரன்று என்பதற்கு வேறொரு கொடிய சான்றும் உண்டு. 1958இல் கேரளத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் உணவுண்டபின் இறந்தனர். கோதுமை மாவு மூட்டைகளைப் பாரத்தியான் என்னும் பூச்சிமருந்தோடு சேர்த்துக் கப்பலில் கொண்டுவந்ததும், கசிந்த மருந்து மூட்டைக்குள் ஊறியதுமே காரணம். நாட்டையே உலுக்கிய அந்நிகழ்ச்சி, பின்னர் 1968இல் பூச்சிமருந்துச் சட்டம் இயற்றப்படுவதற்கு ஒரு காரணமாயிற்று. ஆயினும் இன்றும் எத்தனை வீடுகளில் மாவு மூட்டையும் யூரியா மூட்டையும் பூச்சிமருந்துப் புட்டியும் ஒரே மூலையில் கிடக்கின்றன!

இனிச் செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எழுதிக்கொள்ள விரும்புவோர் எழுதிக்கொள்ளலாம்.

ஒன்று: மூட்டையைத் தரையில் வைக்காதீர்கள். நான்கு முதல் ஆறு அங்குல உயரமுள்ள மரச்சட்டங்களின்மேல் அடுக்குங்கள். சட்டத்துக்கு வசதியில்லாதவர், கெட்டியான பிளாஸ்டிக்குத் தாளை விரித்து, அதன்மேல் மூங்கிற் பாய்களைப் போட்டு அடுக்கலாம்.

இரண்டு: சுவருக்கும் அட்டிக்கும் இடையே இரண்டு மூன்றடி இடம் விடுங்கள். ஓர் ஆள் சுற்றிவந்து பார்க்கவும், கூட்டவும் இயல வேண்டும். பார்க்க முடியாத மூட்டை கெட்ட மூட்டை என்றே கொள்க. கூரையை முட்டும்படியும் அடுக்கற்க. மேலே காற்றோட இடம் வேண்டும். அளவுக்கு மிஞ்சிய பாரத்தால் அடி மாவும் இறுகிவிடும்.

மூன்று: காற்றோட்டம் நல்லதென்று எந்நேரமும் சன்னலைத் திறந்து வைப்பது தவறு. மழை பெய்யும்போதும், இரவிலும், பனி படிந்த காலையிலும் சாத்தி வையுங்கள். வானம் வெளுத்து வெயில் ஏறி, வெளிக்காற்று வறண்ட பின்னரே திறவுங்கள். ஈரக்காற்றை உள்ளே அழைப்பது, விருந்தென்று நினைத்துத் திருடனை அழைப்பதாகும்.

நான்கு: முதலில் வந்த மூட்டை முதலில் வெளியேற வேண்டும். ஒவ்வொரு மூட்டையிலும் வந்த நாளைச் சுண்ணாம்பால் எழுதி வையுங்கள். மழைக்காலத்துக்கென்று மிகுதியாக வாங்கிச் சேர்க்காதீர்கள். விலை நயத்தில் வந்த ஆதாயம் பூசணத்தில் போய்விடும்.

ஐந்து: வாரம் ஒருமுறை அட்டிக்குள் கையை விட்டுப் பாருங்கள். வெப்பம் தெரிந்தால் அன்றே பிரித்து அடுக்குங்கள். மாவில் நூலாம்படை போன்ற இழை தெரிந்தால் அந்துப்பூச்சியின் புழு; மாவு இளஞ்சிவப்பாகி நெடி அடித்தால் சிவப்பு மாவு வண்டு. பழைய சாக்கை மீண்டும் பயன்படுத்துமுன் உதறிக் கழுவி வெயிலில் காயவைத்துக்கொள்ளுங்கள். உரமோ மருந்தோ வந்த சாக்கில் உணவுப் பொருளை ஒருபோதும் கட்டாதீர்கள்.

ஆறு: பூசணம் பிடித்த தீவனத்தை விற்காதீர்கள்; கலக்காதீர்கள்; உங்கள் மாட்டுக்கும் போடாதீர்கள். கால்நடை எட்டாத இடத்தில் குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள். பார்வைக்கு நல்லதாகத் தோன்றியும் ஐயம் இருந்தால் கால்நடை மருத்துவரையோ, புதுச்சேரியிலுள்ள பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்தையோ கேளுங்கள். கேட்பதில் இழிவு ஒன்றுமில்லை. நான் கேளாமல் இருந்தேன், அதுவே இழிவாயிற்று.

உங்கள் பள்ளியிலும் கல்லூரியிலும் இதனைச் சோதித்துப் பார்க்கலாம். ஆசிரியர் துணையோடு 10 கிராம் மாவை நிறுத்து, உலர்த்தும் அடுப்பில் 105 பாகை வெப்பத்தில் எடை மாறாத வரையில் உலர்த்துங்கள். எடை 8.6 கிராமாகக் குறைந்தால் ஈரம் நூற்றுக்கு 14 பங்கு. இரண்டு வெப்பமானிகளை அருகருகே தொங்கவிட்டு, ஒன்றன் குமிழில் ஈரத் துணியைச் சுற்றுங்கள். இரண்டுக்கும் வேறுபாடு மிகுதியாயின் காற்று வறண்டது. வேறுபாடு இல்லையாயின் கிடங்கின் சன்னலைச் சாத்தும் வேளை அது. ஆவியாதல், குளிர்ந்து நீராதல், நுண்புழை ஏற்றம், சுவாசித்தல் என்று நான்கு பாடங்களாக நீங்கள் படித்தவை யாவும் ஒரு மூட்டைக்குள் கூடியிருப்பதை அப்போது காண்பீர்கள்.

அந்த நான்கு பாடங்களையும் நான் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தியவன். கரும்பலகையில் படம் வரைந்தவன். தேர்வில் வினா எழுதி மதிப்பெண் போட்டவன். மாலையில் வீட்டுக்கு வந்து, ஈரத் தளத்தின்மேல் மூட்டையை அடுக்கியவனும் நானே. பள்ளிக்கூடத்து அறிவு பள்ளிக்கூடத்து வாயிலிலேயே நின்றுவிட்டது. பிறரை ஏமாற்றலாகாது என்ற நல்லெண்ணம் எனக்கு இருந்தது. அதனை நான் இன்றும் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நல்லெண்ணம் நஞ்சை முறிக்காது. நேர்மைக்கு அறிவும் துணை வேண்டும். இல்லையேல், அயலாருக்குச் செய்யத் துணியாத கேட்டை நம் வீட்டு வாயில்லா உயிருக்குச் செய்துவிடுவோம்; அதன் பால் வழியே அயலாருக்கும் செய்துவிடுவோம்.

இந்தப் பேச்சு முடிந்ததும் எழுந்து சென்று உங்கள் வீட்டு மாவு மூட்டையோ, தவிட்டு மூட்டையோ எங்கே இருக்கிறதென்று பாருங்கள். அது தரையில் இருந்தால், தந்தையாரோடோ தமையனாரோடோ சேர்ந்து, இரண்டு மரச்சட்டங்களை அதன் அடியில் வையுங்கள். ஏன் என்று அவர்கள் கேட்டால் விளக்கிச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை அது. கற்றதை வீட்டுக்குக் கொண்டு செல்லும் வழிகளுள் அதுவும் ஒன்று.